கூட்டாஞ்சோறும் சுண்டக்கறியும்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் கிராமங்களின் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் மாதர் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய சொற்பொழிவு)



வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவன சாலை, பாலம், கண்மாய், பள்ளிக்கூடம் ஆகியவையே. வட்டார வளர்ச்சி அதிகாரி மேடை ஏறினால் இவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றோ நாம் அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது பெண்கள் விஷயமாயிற்றே, இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை?" என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. அந்த ஐயத்திற்கு விடை இப்பேச்சின் முடிவில் கிடைக்கும். அதுவரை பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறோம்.

கடைக்கு ஓடாமல், வீட்டிலுள்ள தானியம், பருப்பு, வற்றல், கீரை ஆகியவற்றைக் கொண்டும், முதல் நாள் மிஞ்சியதைக் கொண்டும், வயிறு நிறையவும் உடம்பு தேறவும் உணவு சமைப்பது எப்படி என்பதே இன்றைய பொருள்.

நாம் கற்ற பாடம்

பணியில் சேர்ந்த புதிதில் இப்பகுதிக் கிராமம் ஒன்றில் சத்துணவுச் செய்முறை விளக்கம் ஒன்றை நாம் ஏற்பாடு செய்தோம். முட்டைக்கோசு, காரட், பச்சைப் பட்டாணி முதலியவற்றை மதுரையிலிருந்து வாங்கி வந்து, மேசை மீது அழகாக அடுக்கி, இவற்றால் எத்தனை விதமான உணவு செய்யலாம் என்று விளக்கினோம். கூட்டம் அமைதியாகக் கேட்டது. முடிவில் ஒரு மூதாட்டி எழுந்தார். "எல்லாம் சரிதான் ஐயா. இந்தக் காயெல்லாம் எந்தப் புஞ்சையிலே விளையுது?" என்று கேட்டார்.

நமக்கு விடை கூறத் தெரியவில்லை. அவர் நம்மைக் கேலி செய்யவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட்டம் முடிந்ததும், "வந்தது வந்தீக, நம்ம வீட்டிலே ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று அழைத்துச் சென்றார். மாதக் கடைசி. அவர் வீட்டுக் குலுக்கையின் அடியில் கொஞ்சம் குதிரைவாலி கிடந்தது. டப்பாவில் ஒரு கை துவரம்பருப்பு இருந்தது. அடுக்குப்பானையில் சீனியவரை வற்றலும் மிதுக்க வற்றலும் இருந்தன. கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. உறியில் முதல் நாள் குழம்பு கொஞ்சம் இருந்தது. ஒரு மணி நேரத்திற்குள் இவை யாவும் ஒரே பானையில் வெந்து கூட்டாஞ்சோறாகி, மேலே வடகத் தாளிப்பின் மணத்துடன் நம் முன் வந்தன. பழைய குழம்பு, சுண்டக் காய்ந்து, தொட்டுக்கொள்ள வந்தது. காலையில் நாம் மேசை மீது பரப்பிய காய்கறிக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்கு கூட அவ்வுணவிற்கு ஆகியிராது. கற்பிக்கச் சென்ற நாம் கற்றுக்கொண்டு திரும்பினோம்.

புதிதன்று, பழையதே

கூட்டாஞ்சோறு என்பது பெயரிலேயே பொருளைத் தாங்கியிருக்கிறது. தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளாக, ஒருவன் அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருவன் கத்தரிக்காய் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து, மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்பதும் கூட்டாஞ்சோறுதான். சுண்டக்கறியோ விருந்துக்கு மறுநாள் வருவது. கலியாண வீட்டில் மிஞ்சிய சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, பொரியல் யாவற்றையும் ஒரே சட்டியில் ஊற்றி, நீர் வற்றும்வரை சுண்ட வைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். விருந்தைவிட மறுநாள் சுண்டக்கறிக்கே காத்திருப்போர் உண்டு.

பிற நாட்டாரும் இவ்வழி அறிந்தவர்களே. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்த பின்னும் நீடித்து 1954 ஜூலையில்தான் முடிந்தது. இறைச்சி அரிதாகிவிட்ட அக்காலத்தில், உருளைக்கிழங்கு, காரட் முதலிய உள்ளூர்க் காய்களையும் ஓட்ஸையும் சேர்த்துச் சுட்ட ஓர் உணவு, உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவின் பெயராலேயே நாடெங்கும் வழங்கிற்று. தட்டுப்பாட்டுக் காலத்தில் அரசாங்கமே அடுப்படியைப் பற்றிப் பேசுவது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று என்பதற்காக இதைக் கூறுகிறோம்.

நம் மாவட்டத்திற்கும் இதில் பங்கு உண்டு. விருதுநகரில் 1903ஆம் ஆண்டு பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கிற்று. தொடக்கத்தில் பல ஊர்களில் அரிசியும் காய்கறியும் விறகும் ஊர்மக்கள் தந்தவையே. ஒரு பானையில் ஊரே கூடிப் பொங்கிய கூட்டாஞ்சோறு அது என்றால் மிகையாகாது.

கரிசல் காட்டின் களஞ்சியம்

நம்முடையது வறண்ட பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைக்கிறோம். தை, மாசியில் வீடு நிறைகிறது. ஆனி, ஆடிக்குள் குலுக்கை காலியாகிறது. புரட்டாசி வரை உள்ள மாதங்களே சோதனைக் காலம். தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் நினைவு நம் முன்னோர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. விளையும் காலத்தில் காயவைத்து, விளையாத காலத்துக்குச் சேமிக்க வேண்டும் என்பதே அது.

நம் புஞ்சை தருவன எவை என்று எண்ணிப் பாருங்கள். குதிரைவாலி, கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவை தானியங்கள். துவரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, காணம் ஆகியவை பயறு வகைகள். இவற்றோடு நிலக்கடலை, எள், கொத்தமல்லி ஆகியவையும் உண்டு. விதைக்காமலே விளைவனவும் உள. மழைக்குப் பின் கரிசலில் தானே படரும் அதலைக்காயைக் காசு கொடுத்து வாங்க டவுன்காரர்கள் காத்திருக்கிறார்கள். தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் களையெடுப்பில் பிடுங்கி வரப்பில் எறியப்படுகின்றன. எறியும் முன் ஒரு மடி கொய்து வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். ஆனால், களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலில் கீரை பறித்தல் கூடவே கூடாது.

நியாயவிலைக் கடையில் 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியைப் போக்கியதில் அதன் பங்கு பெரிது. அதைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. ஆனால் அரிசி வந்ததும் கம்பும் குதிரைவாலியும் பல வீடுகளை விட்டுப் போய்விட்டன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியிலோ 1 மில்லிகிராம் கூட இல்லை. ஆகவே அரிசியை விட வேண்டாம். அரிசியோடு பழைய தானியத்தையும் பானைக்குள் திரும்ப அழைத்து வாருங்கள் என்றே சொல்கிறோம்.

ஒரு பானையில் ஐந்து பங்கு

எது கிடைத்தாலும் போட்டுக் கிண்டினால் கூட்டாஞ்சோறு ஆகிவிடாது. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஐந்து பங்குகளை நினைவில் வைத்தால், எந்த நாளும், எந்தச் சாமானைக் கொண்டும் சமைக்கலாம்.

முதற்பங்கு தானியம். இரண்டாம் பங்கு பருப்பு அல்லது பயறு. தானியத்தில் குறைவாக உள்ள ஒரு வகைப் புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவானது தானியத்தில் உண்டு. இரண்டும் கூடும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது நல்ல அளவு. மூன்றாம் பங்கு காயும் கீரையும். பச்சைக் காய் இல்லாத நாளில் வற்றல். நான்காம் பங்கு கொழுப்பு. தேங்காய் விலை ஏறிய நாளில் வறுத்துப் பொடித்த நிலக்கடலையோ எள்ளோ போதும். ஐந்தாம் பங்கு புளிப்பும் காரமும் மணமும்.

ஐந்து பேருக்குச் செய்முறை கூறுவோம். இரண்டு தம்ளர் குதிரைவாலி அரிசியைக் கழுவி அரைமணி நேரம் ஊறவையுங்கள். முக்கால் தம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூளுடன் வேகவிடுங்கள். பருப்பு முக்கால் பதம் வெந்ததும், வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த வற்றலையும் வீட்டிலுள்ள காய்களையும் போடுங்கள். காய் பாதி வெந்ததும் தானியத்தைச் சேர்த்து, பானையில் மொத்தம் ஆறு அல்லது ஏழு தம்ளர் நீர் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, கடலைப்பொடி ஆகியவற்றை அரைத்துச் சேர்த்துக் கிளறுங்கள். புளிக்கரைசலைப் பருப்பும் காயும் வெந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் புளிப்புப் பட்டுப் பருப்பு வேகாமல் நிற்கும். வற்றலில் உப்பு உண்டு. ஆகவே உப்பைக் கடைசியில் சுவை பார்த்துப் போடுங்கள். இறக்கும் முன் ஒரு கை முருங்கைக்கீரையைத் தூவி, வடகத்தைத் தாளித்துக் கொட்டி மூடிவிடுங்கள்.

குதிரைவாலி இல்லையேல் அரிசி, அரிசியும் குறைவெனில் பாதி உடைத்த கம்பு. துவரை இல்லையேல் பாசிப்பயறு அல்லது தட்டைப்பயறு. பங்குகள் மாறாமல் இருக்கட்டும், பொருள்கள் மாறலாம். உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ மாங்காய்த் துண்டோ சேர்த்துக்கொண்டால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் பருகினால் அது தடைப்படும். இவ்விரண்டையும் தாய்மார்கள் நன்கு கவனிக்க வேண்டும்.

வற்றல் போடுவோர் ஒன்றை அறிய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒடித்தால் முறியும் வரை காயவைத்து, ஈரமற்ற பானையில் மூடி வைக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை வெயில் காட்டுதல் நன்று. பூசணம் பிடித்த வற்றலையும் நிலக்கடலையையும் பொறுக்கியெடுத்து உண்பது தவறு. கடலையிற் படரும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சமைத்தாலும் அது முற்றும் நீங்காது. கம்பு மாவை மாதக்கணக்கில் வைத்தால் அதிலுள்ள எண்ணெய்ப்பசை சிக்கெடுத்துக் கசக்கும். வாரத்துக்கு வேண்டிய அளவே திரியுங்கள்.

மிஞ்சியதைக் காக்கும் முறை

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் கூறுகிறது. "எங்கள் ஊரில் எதுவும் வீணாவதில்லை, மாட்டுக்குப் போட்டுவிடுவோம்" என்பீர்கள். கழுநீரில் கொஞ்சம் கலந்தால் கேடில்லை. விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கூடை கூடையாக மாட்டின் முன் கொட்டினால், அதன் வயிற்றில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, மாடு மடிந்துபோவதும் உண்டு. கறவை மாட்டை இழந்த பிறகு கால்நடை மருத்துவரை அழைத்துப் பயன் என்ன?

சோற்றைக் காப்பதில் நான்கு விதிகளைக் கடைப்பிடியுங்கள். முதலாவது, சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்திற்கு மேல் அப்படியே வைக்காதீர்கள். சோற்றில் உள்ள ஒருவகை நுண்ணுயிர் கொதியிலும் சாகாமல் விதைபோல் உறங்கி, வெதுவெதுப்பில் விழித்துப் பெருகும். அது கக்கிய நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. இரண்டாவது, பழையது வேண்டுமெனில் ஆறிய உடனே, கழுவிய பானையில், காய்ச்சி ஆற்றிய நீரைச் சோறு மூழ்க ஊற்றி மூடிவையுங்கள். இரவில் அது இலேசாகப் புளித்து, அந்தப் புளிப்பே பல கிருமிகளை அடக்குகிறது. மறுநாள் காலையிலேயே அதை உண்டு முடிக்க வேண்டும். மூன்றாவது, குழம்பு, கூட்டு வகைகளை அன்றிரவே கொதிக்கவைத்து இறக்கி, மறுநாள் மீண்டும் நன்றாகக் கொதிக்கச் சுண்டவைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். மூன்றாம் நாளுக்கு வேண்டாம். நான்காவது, நூல் விட்டாலோ, நிறம் மாறினாலோ, நாற்றம் எழுந்தாலோ சிக்கனம் பாராமல் எருக்குழியில் கொட்டுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஆகும் செலவு ஒரு சட்டிக் குழம்பின் விலையைவிடப் பெரிது.

மிஞ்சியதை உண்பவர் யார்?

அந்த மூதாட்டியின் வீட்டில் கண்ட ஒன்றை இதுவரை நாம் கூறவில்லை. நாம் உண்டு எழுந்தோம். வீட்டு ஆடவர் உண்டனர், பிள்ளைகள் உண்டனர். கை கழுவக் கொல்லைப்புறம் சென்றபோது, அவ்வீட்டு மருமகள் கதவோரம் அமர்ந்து, கும்பாவில் நீச்சுத்தண்ணியும் ஒரு மிளகாயுமாக உண்டுகொண்டிருந்தாள். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. பானை துடைத்தாற்போல் காலியாக இருந்தது. நாம் உண்டது அவளுடைய பங்கு என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அன்று நாம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இன்றளவும் வருந்துகிறோம்.

பழையதைப் போற்றுவோம், மிஞ்சியதை வீணாக்கோம் என்று மேடையில் சொல்வது எளிது. அந்த மிஞ்சியது எப்போதும் ஒருத்தியின் கும்பாவிற்கே போகுமானால், அது சிக்கனம் அன்று, அநீதி. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள்! களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும் இவர்கள். நாளைய தலைமுறையைச் சுமப்பதும் இவர்களே. கூட்டாஞ்சோறு ஒரே பானை. அதில் பருப்பும் கீரையும் எல்லாருக்கும் ஒரே அளவில் கலந்திருக்கிறது. ஆனால் எல்லாரும் சேர்ந்து அமர்ந்து உண்டால்தான் அந்தச் சமத்துவம் இலைக்கு வந்து சேரும். பழையது உண்பதானால் வீட்டுத்தலைவரும் ஒரு கும்பா உண்ணட்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் முதற்பங்கு எடுத்துவைத்த பின்னரே விருந்தினருக்குப் பரிமாறட்டும். விருந்தினர் வட்டார வளர்ச்சி அதிகாரியே ஆயினும் சரி!

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இப்போது பின்வரிசை நண்பரின் கேள்விக்கு வருவோம். அடுப்படியில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை?

குதிரைவாலி நம் வீடுகளை விட்டுப் போனதற்கு முதற்காரணம் சுவையன்று. உமி நீக்கும் பாடு. உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்கள், தீட்டிய அரிசி வந்ததும் உலக்கையைச் சுவரில் சாய்த்ததில் வியப்பில்லை. ஆகவே சில ஊர்கள் சேர்ந்து, மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் சிறுதானிய உமி நீக்கும் இயந்திரம் ஒன்றை அமைக்க முயலலாம். இந்தியா முன்மொழிந்ததன்பேரில் 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. கொண்டாட்டம் முடிந்துவிட்டது, உமி நீக்கும் வேலை இன்னும் இருக்கிறது. நல்ல விதை பற்றிய ஆலோசனைக்குக் கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை விவசாயிகள் நாடலாம்.

பொது உலர்களத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் வற்றல் போட ஒரு மூலையைத் தூய்மை செய்து கம்பிவலை கட்டிக் கொடுக்கலாம். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றின் ஓரங்களில் முருங்கைக் கொம்புகளை நட்டு, கழிவுநீரில் அல்லாது நல்ல நீரில் வளர்க்கலாம். திருவிழாவிலும் கலியாணத்திலும் மிஞ்சும் உணவைக் கெடுமுன் பகிர்ந்தளிக்க ஊருக்கு நான்கு இளைஞர் பொறுப்பேற்கலாம். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 வற்றல் போடும் காலத்தை ஒட்டியும், நவம்பர் 1 கீரை மலியும் மழைக்காலத்திலும் வருகின்றன. அவ்விரு கூட்டங்களிலும் உணவைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள். பேசுவோர் பெண்களாக இருக்கட்டும்.

அன்பர்களே! நம் பூமிக்கு நீர் குறைவு. நம் மக்களுக்கு அறிவு குறைவன்று. குலுக்கையின் அடியிற் கிடந்த ஒரு கை தானியத்தையும் கொல்லை முருங்கையையும் கொண்டு விருந்து படைத்த கைகள் இவ்வூர்க் கைகள். அந்தக் கைக்கு உரிய பங்கு அதே பானையிலிருந்து, அதே பந்தியில், அதே வேளையில் கிடைக்கச் செய்வது நம் பொறுப்பு. இன்றிரவு வீடு சென்றதும், பானையில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், யார் இன்னும் சாப்பிடவில்லை என்றும் கேளுங்கள். வளர்ச்சிப் பணி அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.